மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு: கப்டன் ஜோன்ஸ்டன் நடந்த வழி

கல்முனையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பும். சம்மாந்துறை, அம்பாறை, உகனை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை என்று ஊர் ஊராகக் கடந்து, பதினெட்டு வளைவு ஏறி, ஹுன்னஸ்கிரிய வழியாகக் கண்டியில் இறங்கும். ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சுபஹு தொழுதுவிட்டு ஏறினால் பகலுணவுக்குக் கண்டியில் இருக்கலாம். கைத்தறிப் பொதியோடு மருதமுனை வியாபாரி, புத்தகப் பையோடு பேராதனைப் பல்கலைக்கழக மாணவி, பெரியாஸ்பத்திரிக்குக் காட்டப் போகும் நோயாளி, துணைக்கு அவர் மகன் என்று எல்லோருக்கும் அந்த பஸ்ஸில் இடமுண்டு.

1804 செப்டெம்பர் 20ஆம் திகதி, இதே மலைகளைக் குறிவைத்து மட்டக்களப்பிலிருந்து ஒரு படை புறப்பட்டது. நடத்திச் சென்றவர் பிரித்தானியரின் 19ஆம் படையணியைச் சேர்ந்த கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன். ஒக்டோபர் 6ஆம் திகதி அவர் கண்டி நகருக்குள் நுழைந்தார். இன்று காலையில் ஏறிப் பகலில் இறங்கும் தூரத்துக்கு அவர்களுக்கு 16 நாட்கள் பிடித்தன. உள்ளே போனதை விட, அங்கிருந்து உயிரோடு வெளியே வந்ததே அந்த அதிகாரியைப் பிரித்தானிய இராணுவத்தில் பேர்பெற்ற ஆளாக்கியது.

அவருடைய பாதை மட்டக்களப்பிலிருந்து தொடங்கியது. நான் போனது கல்முனையிலிருந்து. இரண்டும் ஒன்றல்ல என்றாலும், மகியங்கனையைச் சூழ்ந்த பிந்தன்னைக் காட்டுப்பக்கம் நெருங்குகின்றன. இந்தக் கரையோரத்தில் வாழும் நமக்கு அந்தப் படையெடுப்பு ஏன் முக்கியம் என்பதைப் பாதையிலேயே நின்று யோசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு தளபதியின் தொழில் வாழ்க்கை எவருடைய கால்களில் நின்றது என்பதே அங்கே நான் தேடியது.

புளியந்தீவுக் கோட்டை

ஜோன்ஸ்டனைத் தேடுகிறவர் முதலில் புளியந்தீவிலுள்ள மட்டக்களப்புக் கோட்டைக்குத்தான் போகவேண்டும். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி, நான்கு மூலையிலும் கொத்தளம். போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பியதை 1638இல் ஒல்லாந்தக் கடற்படைத் தளபதி வெஸ்டர்வோல்ட் பிடித்தார். 1795 செப்டெம்பரில் அது பிரித்தானியர் கைக்கு வந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை வாசலில் இன்னும் இருக்கிறது. உள்ளே கச்சேரி இயங்கி வந்ததால், காணி விடயமாகவும் ஓய்வூதிய விடயமாகவும் கல்முனைப் பக்கத்தார் தலைமுறை தலைமுறையாக இந்த வாசலைக் கடந்திருக்கிறார்கள். கருங்கல்லும் பவளக்கல்லும் கலந்த அந்தச் சுவரின் மேல் ஏறி நின்றால் வாவிக்கு அப்பால் மேற்கே தாழ்ந்த காடு தெரியும். 1804இல் இங்கே பொறுப்பில் இருந்த ஜோன்ஸ்டனுக்கும் மேற்கு என்றால் அந்தக் காடுதான். அதற்கப்பால் கண்டி அரசு.

அக்காலப் பிரித்தானிய இராணுவத்தில் அதிகாரிப் பதவி பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கப்பட்டது. 1871 வரை அந்த வழக்கம் இருந்தது. பணமும் செல்வாக்கும் உள்ளவர் ஊரில் இருந்தபடியே உயரலாம். அவை குறைந்தவருக்குப் போர்க்களம்தான் ஏணி. சண்டை நடக்கும் காலனிக்குப் போகவேண்டும், அங்கே மேலதிகாரியின் கண்ணில் படவேண்டும், பிழைத்திருக்கவும் வேண்டும். 19ஆம் படையணி 1796 முதல் கால் நூற்றாண்டளவு இலங்கையில் இருந்தது. பின்னாளில் கிரீன் ஹவார்ட்ஸ் என்று அழைக்கப்பட்டது அதுவே. அந்தப் படையணியில் குண்டு பட்டு இறந்தவர்களை விடக் காய்ச்சலில் இறந்தவர்கள் அதிகம். அத்தகைய இடத்தில் கப்டன் ஒருவர் ஒரு மாவட்டத்தின் படைப் பொறுப்பையே சுமந்தார்.

நம் பக்கத்தில் ஜோன்ஸ்டன் என்றதும் படித்தவர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார். இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், 1806ஆம் ஆண்டு முஸ்லிம் சட்டத் தொகுப்போடு பேசப்படுகிறவர். இவர் அவர் அல்லர். ஒருவர் நீதிமன்றத்தால் பெயர் பெற்றார், மற்றவர் காட்டு யுத்தத்தால்.

கரையும் காடும்

மட்டக்களப்பு வாவி தெற்கே நீண்டு கல்முனைப் பக்கத்தில்தான் முடிகிறது. அதன் தென்முனையில் கிட்டங்கித் தாம்போதி. கடலோரத்துக் கல்முனையை மேற்கிலுள்ள நாவிதன்வெளிப் பக்கத்தோடு இணைப்பது அது. மாரிமழை பிடித்தால் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும், போக்குவரத்து நிற்கும். நான் நின்ற நேரம் தண்ணீர் கீழே இருந்தது. தூண்டில்காரர்கள் இருபக்கமும் குந்தியிருந்தார்கள். ஒருபுறம் மீன்பிடி ஊர்கள், மறுபுறம் வெள்ளாமை வட்டைகள். இந்தப் பிரதேசத்தின் பொருளாதாரம் முழுவதும் இந்த ஒரு பாலத்தின் இரு கரையில் நிற்கிறது.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று நீளும் முஸ்லிம் ஊர்களுக்கும் கண்டிக்கும் உள்ள உறவு ஆங்கிலேயருக்கு மிக முந்தியது. போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, 1626இல் கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தினான் என்பது வரலாற்றாசிரியர்கள் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லும் செய்தி. அதற்கு முன்பே இங்கே குடியிருந்தவர்களோடும், பக்கத்துத் தமிழ் ஊர்களின் குடிவழிகளோடும் அவர்கள் கலந்தார்கள். தாய்வழியில் குடி எண்ணும் வழக்கம் இன்றும் இரு சமூகத்துக்கும் பொதுவாக இருப்பது அந்தக் கலப்பின் சாட்சி.

1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி அரசு தன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்தது. அன்றுமுதல் கண்டி கடல் இல்லாத நாடு. உப்பு வேண்டும், கருவாடு வேண்டும், துணி வேண்டும். எல்லாம் கரையிலிருந்துதான் போகவேண்டும். கொண்டு போனவர்கள் தவளக்காரர்கள். பொதிமாடுகளின் இருபக்கமும் மூட்டை கட்டி, வரிசையாக ஓட்டிப்போகும் அந்த வியாபாரத்தில் முஸ்லிம்கள் முன்னணியில் நின்றார்கள். கண்டி அரசின் பொதிமாட்டுப் போக்குவரத்துத் திணைக்களமான மடிகே பத்தவிலும் அவர்களுக்கு இடம் இருந்தது. அரசர்கள் சண்டையிட்டாலும் உப்பு மலையேற வேண்டும், பாக்கு கடலோரம் வரவேண்டும்.

சம்மாந்துறையில் ஒரு பள்ளிவாசலுக்கு எதிரே, பிளேன்டீக் கடை வாங்கில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் தவளம் பற்றிக் கேட்டேன். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். வெள்ளைச் சாரன், தொப்பி, கையில் வேப்பங்குச்சி.

“மகன், என்ட மூத்தப்பாட வாப்பா தவளம் போனவரு. நான் காணல்ல, உம்மா சொல்லிக் கேட்டதுதான்.”

“எங்க வரைக்கும் போவாங்க ஹாஜியார்?”

“வெல்லஸ்ஸைக்கு, பதுளைக்கு. உப்பும் கருவாடும் ஏத்தித்துப் போயித்து, பாக்கும் தேனும் மெழுகும் கொண்டு வருவாங்களாம். மணி கட்டின மாடு ஒண்டு முன்னுக்குப் போகும். மறுகா எல்லா மாடும் அதுக்குப் பின்னால.”

“காட்டுல பயமில்லையா?”

“ஆனை பயந்தான். அதைவிட மழை பயம். மாரி புடிக்க முந்தி ஊட்ட வந்திரணும். ஆறு வந்தா மாடும் போகும், மனிசனும் போவான்.”

மழை பற்றிய அந்த ஒரு பேச்சு, 1804ஆம் ஆண்டுக் கதையின் நடுவில் நிற்கும் செய்தி. ஐப்பசி மழைக்கு முன் மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பது தவளக்காரர்களின் வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருந்த கணக்கு. கொழும்பில் இருந்து கட்டளை எழுதியவர்களோ செப்டெம்பர் மாதக் கடைசியில் படையைக் கண்டி மலைக்கு ஏற்றத் திட்டமிட்டார்கள்.

பாக்கு மூட்டையில் தொடங்கிய போர்

1803இல் மூண்ட கண்டிப் போருக்குச் சொல்லப்பட்ட காரணமே முஸ்லிம் வியாபாரிகள்தான். பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்ட புத்தளம் முஸ்லிம்கள் கண்டி நாட்டில் வாங்கிய பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்தார்கள் என்ற முறைப்பாடு வந்தது. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் நட்டஈடு கேட்டார். அது கிடைக்கத் தாமதமானபோது படையை அனுப்பினார். பாக்கு ஒரு சாட்டு. மலைநாட்டைக் கைக்குள் கொண்டுவரும் எண்ணம் அதற்கு முந்தியது.

ஜெனரல் மக்டோவல் கொழும்பிலிருந்தும், கேர்ணல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டு 1803 பெப்ரவரியில் கண்டியை அடைந்தார்கள். நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. மன்னன் ஸ்ரீ விக்ரமராஜசிங்கன் காட்டுக்குள் போய்விட்டான். மதுரைப் பக்கத்து நாயக்கர் வழிவந்த, தமிழ் தெரிந்த இளைஞன் அவன். இயற்பெயர் கண்ணுசாமி. ஆங்கிலேயர் முத்துசாமி என்பவரை அரியணையில் வைத்தார்கள். அவரை அரசராக ஏற்க ஒரு கிராமமும் முன்வரவில்லை. காய்ச்சல் படையை அரித்தது. பெருஞ்சேனை திரும்பிப்போக, நோயாளிகளும் ஒரு சிறு காவல்படையும் மேஜர் டேவியின் பொறுப்பில் மிஞ்சின.

1803 ஜூன் 24ஆம் திகதி கண்டிப் படைகள் தாக்கின. அந்தச் சண்டையில் மலாய்க்காரர் இருபக்கமும் நின்றார்கள். மன்னன் பக்கம் தாக்குதலில் முன்னின்று இறந்த மலாய்த் தலைவன் சங்குங்லோ. பிரித்தானியர் பக்கம் மலாய்ப் படையை நடத்தியவர் அவனுடைய சகோதரர் கப்டன் நூர்தீன். டேவி சரணடைந்து திருகோணமலைக்குப் போக அனுமதி பெற்று நகரை விட்டு வெளியேறினார். வட்டபுலுவையில் மகாவலி பெருகி நின்றது. ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நின்ற படை அங்கே சூழப்பட்டது. முத்துசாமி ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். படையினர் வெட்டப்பட்டார்கள். நூர்தீனிடம் தன் சேவைக்கு வரச்சொல்லி மன்னன் கேட்டபோது, இட்ட சத்தியத்தை மீறமாட்டேன் என்று அவர் மறுத்து உயிரைக் கொடுத்தார். டேவி சிறையிருந்தே சில ஆண்டுகளில் இறந்தார். அங்கே மடிந்த ஐரோப்பியரில் பெரும்பாலோர் ஜோன்ஸ்டனின் சொந்தப் படையணியான 19ஐச் சேர்ந்தவர்கள்.

கட்டளையும் நடையும்

மறு ஆண்டு, பிரித்தானியரின் புதிய படைத்தளபதி ஜெனரல் வீமிஸ் ஒரு திட்டம் போட்டார். தீவின் ஆறு இடங்களிலிருந்து ஆறு படைப்பிரிவுகள் ஒரே நேரம் புறப்பட்டுக் கண்டியில் சந்திக்க வேண்டும். செப்டெம்பர் மாத முற்பகுதியில் மட்டக்களப்புக்குக் கட்டளை வந்தது. பிறகு மேலிடம் மனம் மாறியது. கண்டியைப் பிடிப்பதை விட்டு, எல்லைக் கிராமங்களில் புகுந்து அழித்துத் திரும்புவது போதும் என்று தீர்மானமானது. அந்த மாற்றத்தைத் தெரிவிக்க வந்த இரண்டாவது கடிதம், முதல் கட்டளை நீங்கிவிட்டது என்று தெளிவாகச் சொல்லவில்லை. ஜோன்ஸ்டன் முதல் கட்டளை நடைமுறையில் இருப்பதாகவே விளங்கிக்கொண்டார். மற்ற ஐந்து பிரிவுகளும் எல்லையோடு நின்றுவிட, மட்டக்களப்புப் படை மட்டும் கண்டியை நோக்கி நடந்தது.

படையினர் ஏறத்தாழ 300 பேர். அதில் ஐரோப்பியர் 82 பேர் மட்டுமே, மற்றவர்கள் சிப்பாய்களும் மலாய்க்காரரும். அவர்களோடு வழிவெட்டும் பயனியர்களும் சுமைகூலிகளுமாக 550 பேரளவில் போனார்கள். இந்தக் கணக்கை நிறுத்திப் பார்க்க வேண்டும். துவக்குத் தூக்கிய ஒவ்வொருவனுக்கும் பின்னால் சுமை தூக்கியவர்கள் இரண்டு பேரளவில் நடந்திருக்கிறார்கள். அரிசி, வெடிமருந்து, சாராயம், சிறு பீரங்கி, நடக்க முடியாதவர்களைத் தூக்கும் டூலி எல்லாம் அவர்கள் தோளில். ஒரு கூலி ஓடிப்போனால் அந்த மூட்டை காட்டில் கிடக்கும். ஒரு மூட்டை காட்டில் கிடந்தால் அன்றிரவு ஒரு குழுவுக்குச் சோறில்லை.

மகாஓயாவைத் தாண்டியதும் பஸ் ஜன்னலில் காட்சி மாறுகிறது. வயல் முடிந்து பற்றைக்காடு தொடங்குகிறது. பாலை, வீரை, முதிரை, இடைக்கிடை மேய்ச்சல் நிலம். வீதியோரத்தில் யானை கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகைகள். செப்டெம்பரில் இந்தக் காடு காய்ந்து கிடக்கும், குளங்கள் அடிமட்டத்தில் இருக்கும். தண்ணீர் உள்ள இடம் எது என்று தெரிந்தவன் சொல்லாவிட்டால் 850 பேர் ஒரு நாள் கூடத் தாங்கமாட்டார்கள். ஆங்கிலேயர் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன், 1602இல் ஒல்லாந்த மாலுமி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, பிந்தன்னை வழியாகவே கண்டி மன்னன் விமலதர்மசூரியனைப் பார்க்கப் போனார். வழி பழையது. அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் வேடர்களும், தவளக்காரர்களும், மன்னனின் ஆள்களும். ஜோன்ஸ்டனின் வழிகாட்டிகளும் அந்த அறிவையே விற்றார்கள், அல்லது விற்க வைக்கப்பட்டார்கள்.

மகியங்கனைக்குப் பிறகு மலை எழுகிறது. பதினெட்டு வளைவில் பஸ் முதலாம் கியரில் முனகுகிறது. ஜன்னலோரத்தில் இருந்த சிறு பெண்பிள்ளை ஒன்று ஒவ்வொரு வளைவுக்கும் உம்மாவின் முழங்கையைப் பிடித்து எண்ணிக்கொண்டு வந்தது. வெளியே பார்த்தால் கீழே மகாவலிச் சமவெளி விரிந்து கிடக்கிறது. கண்டியர்களுக்குக் கோட்டை மதில் தேவைப்படவில்லை, இந்த மலைச்சரிவு போதும். ஒற்றையடிப் பாதையில் மரங்களை வெட்டிக் குறுக்கே போடுவார்கள். மேலே கற்களையும் சிறு பீரங்கிகளையும் வைத்துக் காத்திருப்பார்கள். படை உள்ளே போகும்போது பெரிதாகத் தடுக்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் விழுங்குவார்கள். டேவியின் கதையில் அதுவே நடந்தது. ஜோன்ஸ்டனும் அதற்குள்தான் நடந்துகொண்டிருந்தார்.

யாரும் வராத நகரம்

ஒக்டோபர் 6ஆம் திகதி கண்டிக்குள் நுழைந்தபோது அங்கே மன்னனும் இல்லை, மற்றப் படைகளும் இல்லை. மூன்று நாளளவு காத்திருந்தார். மற்றப் படைகளிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. இதற்கிடையில் மழை பிடித்துவிட்டது. மகாவலி பெருகினால் டேவிக்கு நேர்ந்ததே தனக்கும் நேரும் என்று அவருக்குப் புரிந்தது. மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியை விட்டு, திருகோணமலை வழியைத் தேர்ந்தார். அந்த முடிவில் ஓர் அதிகாரியின் மொத்தத் திறமையும் இருந்தது: கௌரவத்துக்காக நகரில் உட்காரவில்லை, வந்த வழியே போகவும் இல்லை.

வட்டபுலுவை இன்று கண்டி நகரை ஒட்டிய குடியிருப்பு. வீடுகள், மதில்கள், சிறு கடைகள். பக்கத்திலேயே மகாவலி ஓடுகிறது. ஆற்றங்கரையில் நின்று பார்த்தேன். தண்ணீர் கலங்கிய மண்ணிறம், நடுவில் வேகம். நீச்சல் தெரிந்தவனும் தயங்கும் ஆறு. ஜோன்ஸ்டனின் படை இந்தப் பக்கமாக வந்து ஆற்றைக் கடந்தபோது, முந்திய ஆண்டில் கொல்லப்பட்ட தம் தோழர்களின் எலும்புகள் இன்னும் அடக்கப்படாமல் கிடக்கக் கண்டார்கள். அந்தக் காட்சிக்குப் பிறகு, சரணடைவது என்ற பேச்சுக்கே அந்தப் படையில் இடமிருந்திருக்காது.

பின்வாங்கல் முழுவதும் சண்டை. கண்டியர் பக்கவாட்டில் மறைந்திருந்து சுட்டார்கள். கூலிகள் மூட்டைகளைப் போட்டுவிட்டுக் காட்டில் மறைந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டிவந்தவர்களுக்காகச் சாக அவர்களுக்கு என்ன கடமை இருந்தது? டூலி தூக்க ஆள் இல்லாமல், காயப்பட்டவர்களைக் கொண்டு போவதே பெரும்பாடாயிற்று. இரவு மழை, பகல் பசி, கால் முழுக்க அட்டை. ஒக்டோபர் மூன்றாம் வாரத்தில் மிஞ்சியவர்கள் திருகோணமலைக்கு வந்து சேர்ந்தார்கள். திரும்பியவர்களில் பலர் நேரே ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்தார்கள், பலர் எழும்பவேயில்லை.

ஓர் அதிகாரியின் ஏணி

கட்டளையைப் பிழையாக விளங்கிக்கொண்டார் என்பது மேலிடத்தின் குற்றச்சாட்டு. ஆனால் எதிரி நாட்டின் நடுவிலிருந்து தனியொரு சிறு படையைச் சிதறாமல் வெளியே கொண்டுவந்தது, டேவியின் அழிவுக்குப் பிறகு பிரித்தானியருக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. ஜோன்ஸ்டனின் தொழில் வாழ்க்கை அதோடு முடியவில்லை, அங்கிருந்துதான் ஏறியது. மூன்றாம் இலங்கைப் படையணியில் மேஜரானார். 1810இல் அந்தப் படையெடுப்பு பற்றிய நூலை இலண்டனில் வெளியிட்டார். தனக்கு வந்த கட்டளைக் கடிதங்களை அதில் அச்சிட்டு, தன் பக்கத்து நியாயத்தை உலகத்துக்கு முன் வைத்தார். பிறகு றோயல் கோர்சிக்கன் ரேஞ்சர்ஸ் படையணியில் லெப்டினன்ட் கேர்ணல். அதன்பின் இங்கிலாந்தின் றோயல் இராணுவக் கல்லூரியில், அடுத்த தலைமுறை அதிகாரிகளை உருவாக்கும் பொறுப்பு. 1824இல் காலமானார்.

அவருடைய நூல் ஒரு தற்காப்பு வாக்குமூலமாக மட்டும் நின்றுவிடவில்லை. இலங்கைக் காட்டில் ஐரோப்பியப் போர்முறை எடுபடாது, சுமையைக் குறைக்க வேண்டும், காடு தெரிந்த இலகு படை வேண்டும், பருவத்தைப் பார்த்துப் புறப்பட வேண்டும் என்று அது எடுத்துச் சொல்கிறது. அதில் பெரும்பகுதி இந்த நாட்டின் சாதாரண மனிதர்களுக்கு முன்பே தெரிந்த அறிவு. தவளக்காரர் பரம்பரையாகக் காத்த கணக்கை ஒரு கப்டன் உயிரைப் பணயம் வைத்துக் கற்று, புத்தகமாக்கி, கல்லூரியில் பாடமாக்கினார். ஆங்கிலேயர் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1815இல் ஆளுநராக இருந்த ஜெனரல் பிரவுண்றிக்கின் படைகள் வந்தது உலர்ந்த மாதங்களில். கண்டிப் பிரதானிகளும் பிளவுபட்டிருந்தார்கள். பெப்ரவரி 18ஆம் திகதி மன்னன் பிடிபட்டான். வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

முஸ்லிம்களின் தோள்மேல் அந்த வெற்றி வேறொரு சுமையை ஏற்றியது. 1817இல் வெல்லஸ்ஸையிலிருந்த முஸ்லிம்களுக்கு ஹாஜி மரைக்காரைத் தலைவராக நியமித்தார்கள் ஆங்கிலேயர். கண்டிப் பிரதானிகளின் அதிகாரத்திலிருந்து ஒரு சமூகத்தைப் பிரித்தெடுத்த அந்த நியமனம், ஊவா–வெல்லஸ்ஸைக் கிளர்ச்சியின் உடனடிக் காரணங்களில் ஒன்று. கிளர்ச்சிக்காரர் ஹாஜி மரைக்காரைப் பிடித்துக் கொன்றார்கள். விசாரிக்கப்போன பதுளை உதவி ரெசிடென்ட் வில்சனும் அம்புக்கு இரையானார். பிரவுண்றிக்கின் படைகள் வெல்லஸ்ஸையின் வயலையும் குளத்தையும் வீட்டையும் அழித்துப் பழிதீர்த்தன. 1803இல் பாக்கு மூட்டை, 1817இல் ஒரு பதவி. இரு தடவையும் வியாபாரத்தால் இரு பக்கமும் உறவு வைத்திருந்த ஒரு சமூகத்தைத் தங்கள் தேவைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அடி விழுந்தபோது அந்தச் சமூகமும், அதன் அயலிலிருந்த சிங்களக் கிராமத்தவரும் சேர்ந்தே பட்டார்கள். வெல்லஸ்ஸை அழிந்தபோது அதை நம்பி மலையேறிய கரையோரத் தவளமும் தளர்ந்தது. பிறகு வந்த வண்டிப்பாதையும் ரயில்பாதையும் மிச்சத்தை முடித்தன.

நாம் எழுத வேண்டியது

ஜோன்ஸ்டனை நான் இகழவில்லை. தன் படையைக் காப்பாற்றியவர், தவறிய திட்டத்தின் பழியைத் தன்மேல் மட்டும் விழவிடாமல் எழுத்தில் நின்று வாதாடியவர். துணிவும் தெளிவும் உள்ள மனிதர். ஆனால் அவருடைய பெருமை முழுவதும் 550 பேரின் தோளிலும், பெயர் தெரியாத வழிகாட்டிகளின் நினைவிலும் ஏறி நின்றது. காலனித்துவப் படையில் ஓர் அதிகாரி உயர்ந்த ஒவ்வொரு படியின் கீழும் அப்படிப் பலர் இருந்தார்கள். அதிகாரிக்குப் பதவி உயர்வும் புத்தகமும் கல்லூரியும் கிடைத்தன. அவர்களுக்கு ஓர் எண்ணிக்கை மட்டும் கிடைத்தது.

அந்த வரலாற்றை மற்றப் பக்கத்திலிருந்து எழுத இன்னும் வழி இருக்கிறது. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் தவளம் போனவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எந்த ஆற்றை எந்தத் துறையில் கடந்தார்கள், எங்கே மாடு அவிழ்த்தார்கள், எந்தச் சிங்கள வீட்டில் சோறு உண்டார்கள் என்று உம்மாமார் சொன்ன கதைகள் அவர்களிடம் இருக்கின்றன. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வரலாறு படிக்கும் ஒரு மாணவர் குழு ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராக உட்கார்ந்தால் தவளப் பாதையின் வரைபடத்தை மீட்டுவிடலாம். அந்த வரைபடத்தை ஜோன்ஸ்டனின் நூலோடு சேர்த்து வைத்துப் படித்தால், 1804ஆம் ஆண்டு படையெடுப்பு முதன்முறையாக முழுமையாகும்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு மூத்தவர் இருந்தால், அவரிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எழுதும்போது பெயர்களை விட்டுவிடாதீர்கள்.